காட்டு வாசலில் வேண்டாம், கடைசிச் சந்தியில் விடுங்கள்: வன்னி நடைக்கு வாகனம் விடும் இடங்கள், ஒரு மதிப்பீடு

வன்னியில் ஓரிரவோ ஈரிரவோ தங்கி நடக்கப் புறப்படுகிறவர்கள் முதுகுப்பையையும் சப்பாத்தையும் கூடாரத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஏறி வந்த மோட்டார் சைக்கிளையோ காரையோ எங்கே விடுவது என்பதை மட்டும் ‘அங்கே போய்ப் பார்ப்பம்’ என்று தள்ளிவிடுகிறார்கள். போய்ச் சேரும்போது எட்டு, எட்டரை மணி ஆகிவிடும். வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். கண்ணில் பட்ட பாலைமர நிழலில் வண்டியைப் பூட்டிவிட்டு நடப்பார்கள். பிழை அந்த மரத்தடியில்தான் நடக்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலும் மன்னாரின் பெருநிலப்பரப்பிலும் இரண்டு மூன்று நாள் வாகனம் விடக்கூடிய இடங்களை வகை வகையாக இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். எங்கள் அளவுகோல் ஒன்றுதான்: இரவு இரண்டு மணிக்கு அந்த வண்டிக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மதில், பூட்டு, கமெரா எல்லாம் அதற்குப் பிறகு.

காட்டு வாசலுக்கு நாங்கள் கொடுப்பது பூச்சியம்

தார் வீதி முடிந்து, கிரவல் வீதியும் மெலிந்து, உழவு இயந்திரத் தடமாகப் போய்க் காட்டுக்குள் நுழைகிற இடத்தைத்தான் இங்கே நடை தொடங்கும் இடம் என்று சொல்லலாம். அங்கே வீடு இல்லை, விளக்கு இல்லை. பல இடங்களில் போனுக்குச் சிக்னலும் இல்லை. கள்ளன் வந்தாலும் வராவிட்டாலும், அந்த இடத்தில் வண்டியை விடக்கூடாது என்பதற்கு வன்னிக்கே உரிய மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது மிதிவெடி. தனியாக நிற்கும் வண்டியை யாரும் காணக்கூடாது என்று நினைத்தால், வீதியோரப் பற்றைக்குள் பத்து யார் தூரம் உள்ளே தள்ளி மறைத்து விடத்தான் மனம் வரும். வேறு ஊரில் அது புத்திசாலித்தனமாக இருக்கலாம். இங்கே கூடாது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. போர்க் காலத்தில் புதைத்தவற்றை அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை, நிறம் பூசிய தடிகள், கட்டிய நாடா ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வந்த தடத்தாலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடம் துப்புரவான இடம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. சனம் தினமும் நடக்கிற, மாடு போய்வருகிற, வண்டிச் சில்லுத் தடம் புதிதாக உள்ள நிலத்தில் மட்டும் வண்டியை இறக்குங்கள். சிறுநீர் கழிக்க ஒதுங்குவதற்கும் இதே விதிதான்.

இரண்டாவது சந்தேகம். வன்னிக் காட்டோரத்தில் இரவில் ஆளில்லாமல் நிற்கிற வண்டி என்றால் பொலிசாருக்கும் வன அதிகாரிகளுக்கும் நினைவுக்கு வருவது முதிரை, பாலை வெட்டுகிறவர்கள், மணல் ஏற்றுகிறவர்கள், வேட்டைக்காரர், புதையல் தோண்டுகிறவர்கள். உங்கள் வண்டி இலக்கத்தை எழுதிக்கொண்டு போவார்கள். சில வேளை வண்டியையே கொண்டுபோவார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. காட்டைக் காக்க அவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

மூன்றாவது யானை. அரிசி, உப்பு, பழம் என்று எதன் மணம் வந்தாலும் வீட்டுச் சுவரையே இடிக்கிற மிருகத்துக்குக் கார்க் கதவு ஒரு தடை அல்ல. வயலுக்கும் காட்டுக்கும் நடுவே யானை வேலி போட்டிருந்தால், வேலிக்கு எந்தப் பக்கம் ஊர் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் மட்டும் வண்டி நிற்கவேண்டும்.

நடக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. தேசியப் பூங்காவுக்குள் வாகனத்தை விட்டிறங்கி நினைத்தபடி நடக்க முடியாது. ஒதுக்கக் காடுகளுக்குள் தங்குவதற்கு வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆகவே முன்னனுமதி இல்லாமல் நடப்பதற்கு எஞ்சுவது யாத்திரைப் பாதைகள், ஊர் வீதிகள், குளக்கட்டுகள், கடற்கரை. இவை நான்குக்கும் பக்கத்தில் எங்கேயோ ஒரு சந்தி இருக்கிறது. ஒரு தேத்தண்ணிக் கடை, ஒரு பலசரக்குக் கடை, ஒரு ஓட்டோத் தரிப்பிடம். வண்டியை அங்கே விட்டுவிட்டு மிச்ச நாலைந்து கிலோமீற்றரை ஓட்டோவிலோ காலாலோ போங்கள். அந்த ஓட்டோக் காசுதான் உங்கள் உண்மையான தரிப்பிடக் கட்டணம்.

பட்டணத்துச் சைக்கிள் பார்க்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் போன்ற பட்டணங்களில் பஸ் நிலையத்தையும் சந்தையையும் ஒட்டித் தகரக் கூரையின் கீழ் வண்டிகளை வரிசையாக அடுக்கி வைத்து, இலக்கம் எழுதிய துண்டு தருகிற இடங்கள்தான் இவை. நகரசபையோ பிரதேச சபையோ குத்தகைக்கு விட்டவையும் உண்டு, தனியார் தங்கள் வளவுக்குள் நடத்துகிறவையும் உண்டு. ஒரு பகலுக்கு இவற்றைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு இரவுக்கு என்றால் கேட்டுத்தான் விடவேண்டும்.

ஏனென்றால் இவை வேலைக்குப் போய்ப் பின்னேரம் திரும்புகிறவர்களுக்காக நடக்கிறவை. கடைசி பஸ் வந்தபின் பலகையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போகிற இடமா, அல்லது யாராவது அங்கேயே படுக்கிற இடமா? “இரவிலை ஆர் நிப்பினம் அண்ணை?” என்று நேராகக் கேளுங்கள். ‘ஒருத்தரும் எடுக்கமாட்டினம்’ என்பது அதற்குப் பதில் இல்லை. ஒரு ஆளின் பெயரும் அவர் படுக்கிற இடமும் சொல்லப்பட்டால் அது பதில்.

அடுத்தது கைப்பிடிப் பூட்டு. வண்டிகளை நெருக்கி அடுக்குவதற்கு இழுத்துத் தள்ளவேண்டும் என்பதால் ‘ஹாண்டில் லொக் போடாதேங்கோ’ என்று சொல்வார்கள். பகலுக்கு அது நியாயம். மூன்று நாளுக்கு அப்படியே விட்டால், நடுவில் நிற்கும் உங்கள் வண்டியை ஒரு நாளில் பத்துத் தரம் இழுப்பார்கள். கண்ணாடி உடையும், கிளச் பிடி வளையும். இதற்கு வழி, காலையில் கூட்டம் சேருமுன், ஆறு ஆறரைக்கே போய், ‘மூன்று நாள் நிற்கும்’ என்று சொல்லிச் சுவரோரக் கடைசி வரிசையைக் கேட்டு வாங்குவதுதான். அங்கே வைத்தால் யாருக்கும் அதை அசைக்கத் தேவை வராது. கைப்பிடியையும் பூட்டலாம், பின்சில்லைச் சங்கிலியால் தூணோடும் கட்டலாம். பக்கத்தாங்கியை விட நடுத்தாங்கியில் நிறுத்துவது நல்லது; இடமும் குறையும், பக்கத்து வண்டி சாய்ந்தாலும் விழாது.

துண்டை வாங்கும்போது மூன்றைப் பார்க்கவேண்டும். வண்டி இலக்கம் சரியாக எழுதியிருக்கிறதா, திகதி போட்டிருக்கிறதா, கட்டணம் ஒரு பகலுக்கா அல்லது 24 மணித்தியாலத்துக்கா. கடைசியை முன்னமே பேசாதவர்கள் திரும்பி வரும்போது வாசலில் நின்று வாதாடுகிறார்கள். துண்டை உடனே படம் எடுத்து வையுங்கள். வியர்வையிலும் மழையிலும் கசங்கிப் போகிற கடதாசி அது.

‘வாகனங்களுக்கும் பொருட்களுக்கும் நாம் பொறுப்பல்ல’ என்ற பலகை அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. ஆனால் உங்கள் காப்புறுதி எது என்று தெரிந்திருக்கவேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி களவுக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி இருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கேட்பார்கள். வண்டி எங்கே, எப்போது விடப்பட்டது என்பதை நிரூபிக்க அந்தத் துண்டு ஒன்றுதான் கையில் இருக்கும்.

மோட்டார் சைக்கிளுக்கு, இரவு ஆள் இருக்கிறதென்றால், 10க்கு 8 கொடுக்கிறோம். ஆள் இல்லையென்றால் 4. காருக்கு இந்த இடங்களில் பெரும்பாலும் இடமே கிடைக்காது. காரில் வருகிறவர்கள் பட்டணத்து விடுதி ஒன்றில் முதல் இரவோ கடைசி இரவோ தங்கி, நடுநாட்களுக்கு முற்றத்தில் கார் நிற்கலாமா என்று பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு அறைக் காசு போனாலும் இரவுக் காவலாளி உள்ள முற்றம் கிடைக்கிறது.

ஆஸ்பத்திரி வாசல்களிலும் இப்படிப்பட்ட பார்க்குகள் உண்டு. இருபத்துநாலு மணித்தியாலமும் ஆள் நடமாட்டம் இருக்கும். பாதுகாப்பைப் பார்த்தால் முதலிடம் அதற்குத்தான். ஆனாலும் அங்கே விடாதீர்கள் என்றே சொல்கிறோம். நோயாளிக்குச் சாப்பாடு கொண்டு ஓடி வருகிறவருக்கான இடத்தை, நடந்து திரியப் போகிறவர் மூன்று நாள் பிடித்து வைத்திருப்பது முறையல்ல.

ரயில் நிலையம், பொலிஸ் வாசல், முறிகண்டி

வடக்குப் பாதையில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை 2013இலும் யாழ்ப்பாணம் வரை 2014இலும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதோடு புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, பரந்தன் நிலையங்களுக்கும் உயிர் வந்தது. நிலைய முற்றத்தில் விடலாமா என்றால் நடுத்தரம்தான். ரயில் வரும் நேரம் கலகலப்பாக இருக்கும், போனபின் ஒரு நாயும் இராது. சிறிய நிலையங்களில் வேலியும் இல்லை. நிலைய அதிபரிடம் சொல்லி வைப்பது மரியாதை. ஆனால் அவர் காவல்காரர் அல்ல. 10க்கு 5.

பொலிஸ் நிலைய வாசலில் விட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே விபத்து வாகனங்களும் வழக்கு வாகனங்களும் நிற்கும். உங்கள் வண்டிக்கு இடம் தரவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ஆனால் போய் ‘இத்தனை பேர், இந்த வழியால் நடக்கிறம், வண்டி இன்னார் வளவில் நிற்கிறது, இன்ன நாள் திரும்புவம்’ என்று சொல்லிவிட்டு வருவதில் பெரிய பயன் இருக்கிறது. மேலே சொன்ன சந்தேகம் முளையிலேயே கிள்ளப்பட்டுவிடும்.

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு போவார்கள். வாகனங்கள் ஓயாமல் நின்று போகிற இடம் என்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆயிரம் பேர் வந்துபோகிற இடத்தில் யாருடைய வண்டி எது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வண்டியைப் பூட்டுத் திறந்து ஒருவன் உருட்டிக்கொண்டு போனாலும் சொந்தக்காரன் என்றே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கச்சான் கடைக்காரர் ஒருவரோடு பேசி, அவருடைய கடைக்குப் பின்னால் விட முடிந்தால் அது வேறு கதை.

மடு

வன்னியில் முதுகில் பையோடு நடப்பதற்கு மிகப் பழகிய பாதை என்றால் மடுமாதா தேவாலயத்துக்குப் போகும் பாதைதான். ஏ14 வீதியில் உள்ள மடுச் சந்தியிலிருந்து கோயில் வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். சுமையோடு மூன்று மணித்தியாலம் போதும். கோயிலைச் சுற்றியுள்ள காட்டு வெளி வாகனம் விடுவதற்குத் தாராளமானது. ஆனால் எந்த மாதம் என்பதைப் பொறுத்து எங்கள் மதிப்பீடு தலைகீழாகும்.

ஓகஸ்ட் 15 திருவிழாக் காலத்தில் இலட்சக்கணக்கில் சனம் வரும். வாகனங்களுக்கு இடம் ஒதுக்கி வழிகாட்டுவார்கள். பொலிசாரும் தொண்டர்களும் நிற்பார்கள். களவுப் பயம் குறைவு, ஆனால் வெளியே எடுக்கிற பாடு பெரிது. உங்களுக்குப் பின்னால் ஐந்து வரிசை வான்கள் வந்து அடைத்துவிட்டால், அவர்கள் போகும் வரை நீங்களும் போக முடியாது. முகப்பை வெளிப்பாதை நோக்கித் திருப்பி, பிரதான வழிக்குக் கிட்டவாக, முந்தின நாள் காலையிலேயே விடுங்கள். வரிசை அடையாளத்துக்கு ஒரு நிலையான மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ படம் எடுங்கள். பக்கத்தில் நின்ற பஸ்சை அடையாளம் வைத்தவர்கள் இரவு முழுக்கத் தேடவேண்டி வரும்.

திருவிழா இல்லாத நாட்களில் மடு அமைதியான இடம். அப்போது வெளியில் கண்ட இடத்தில் விடாமல், கோயில் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் விடுங்கள். குரங்குகளை மறக்கவேண்டாம். சீற்றைக் கிழிக்கும், கண்ணாடியைத் திருகும், ஹெல்மெட்டின் உள்துணியைப் பிய்க்கும். சீற்றின்மேல் பழைய சாக்கை இறுக்கிக் கட்டினால் அநேகமாக விட்டுவிடும்.

எங்கள் தெரிவு இவை இரண்டும் அல்ல. வவுனியாப் பட்டணத்தில் வண்டியை விட்டுவிட்டு, பறையனாளங்குளம் வழியாகப் போகும் மன்னார் பஸ்சில் ஏறி மடுச் சந்தியில் இறங்குங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் லேசு. தலைமன்னார் ரயில் பாதை 2013இல் மடு வீதி வரை மீளத் திறக்கப்பட்டது. அந்த நிலையத்தில் இறங்கினால் வண்டியே தேவையில்லை. கோயில் வளவுக்கு விழாக் காலத்தில் 7, மற்றக் காலத்தில் 6. வவுனியாவில் விட்டுப் பஸ் ஏறும் வழிக்கு 9.

கடற்கரை நடை: வண்டியை முடிவில் விடுங்கள்

முல்லைத்தீவுக்குத் தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய் என்று போகிற கரை இரண்டு நாள் நடைக்கு ஏற்றது. எல்லோரும் முல்லைத்தீவில் தொடங்கித் தெற்கே நடப்பார்கள். பிறகு கொக்கிளாயில் பின்னேர பஸ்சைத் தவறவிட்டு நிற்பார்கள். மாறிச் செய்யுங்கள். முல்லைத்தீவுப் பட்டணத்தில் வண்டியை விட்டு, காலை பஸ்சில் கொக்கிளாய் போய், அங்கிருந்து வடக்கே நடந்து வண்டியிடம் வாருங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் வண்டி நிற்கும். வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற சோழகக் காற்றும் முதுகுப் பக்கம் இருக்கும். நாயாற்று முகத்துவாரம் வெட்டிப் பாய்கிற காலத்தில் மணலால் கடக்க நினைக்காமல் வீதிக்கு ஏறிப் பாலத்தால் வரவேண்டும்.

ஒரு நாள் மட்டும் நடப்பவர்கள் அளம்பிலிலோ செம்மலையிலோ விடலாம். மீன்பிடிக் குடும்பங்களின் வாடிக்குப் பக்கம் விடுவது, கரையில் தனியே விடுவதைவிடப் பல மடங்கு நல்லது. வலைக்கும் எஞ்சினுக்கும் இரவில் அவர்களே காவல் இருக்கிறார்கள். விடிய இரண்டு மூன்று மணிக்குத் தொழிலுக்குப் போகிற ஆட்கள் நடமாடுவார்கள். படகு இழுக்கிற வழியையும் கரைவலை இழுக்கிற இடத்தையும் மறிக்காமல் விடவேண்டும். அங்கே வண்டியைக் கெடுப்பது உப்பும் மணலும். பக்கத்தாங்கி மணலில் தாழ்ந்து வண்டி விழும். அடியில் ஒரு தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வையுங்கள். சங்கிலிக்கு முதல் நாளே கிறீஸ் பூசுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கேட்டபின். தென்னைக்குக் கீழே நிழல் என்று விடாதீர்கள். ஒரு தேங்காய் போதும் பெற்றோல் தாங்கியை நசுக்க.

வட்டுவாகலுக்கு அப்பால் முள்ளிவாய்க்கால், மாத்தளன் கரையில் நடக்கிறவர்களுக்கு ஒன்று. அந்த மண்ணில் கூடாரத்துக்கு முளை அடிக்கவேண்டாம், இரும்பாகக் கிடக்கிற எதையும் எடுக்கவேண்டாம், ஊரவரைக் கேளாமல் வண்டியை வெறுங்காணிக்குள் இறக்கவேண்டாம். வெடிபொருள் பயம் ஒரு பக்கம். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் விளக்கேற்றுகிற நிலம் அது.

வீட்டு வளவு: எங்கள் முதல் தெரிவு

கடைசிச் சந்திக்குக் கிட்ட, படலை உள்ள, நாய் உள்ள, இரவில் ஆள் படுக்கிற ஒரு வீட்டு வளவு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மல்லாவி, துணுக்காய், பாலம்பிட்டிப் பக்கமெல்லாம் பட்டணத்துப் பார்க் கிடையாது. அங்கே இதுதான் வழி, இதுதான் மிகச் சிறந்த வழியும்கூட. 10க்கு 9. ஒரு புள்ளியை ஆடு கோழிகளுக்காகக் குறைத்திருக்கிறோம்.

கண்ட படலையில் தட்டாதீர்கள். சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்து, கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தன்னுடைய வளவையே காட்டலாம், அல்லது ‘வாத்தியார் வீட்டை விடுங்கோ’ என்று அனுப்புவார். யார் அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு போனால் வீட்டுக்காரருக்கும் தயக்கம் இராது. பேச்சு நீட்டவேண்டாம்: “ஐயா, நாங்கள் நாலு பேர் நடந்து போறம். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குள்ளை வந்திடுவம். இந்த வண்டியை உங்கட வளவுக்குள்ளை விடலாமோ?” ஆள் தொகை, நாள், நேரம் மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. அடையாள அட்டையின் பிரதி ஒன்றும் இரண்டு போன் நம்பர்களும் எழுதிக் கொடுங்கள். இந்த விபரத்தைத் தாளில் எழுதிக் காரின் முன் கண்ணாடியில் ஒட்டி வைப்பது சிலருடைய வழக்கம். ‘ஞாயிறு வரை ஒருவரும் வரமாட்டோம்’ என்று ஊருக்கு அறிவிப்பதற்கு அது சமம்.

வன்னியில் பெண்கள் தனியே நடத்துகிற வீடுகள் பல. அங்கே வற்புறுத்தக்கூடாது. முன்பின் தெரியாத ஆண்கள் வண்டி விட்டதையும், இரவில் வந்து படலையைத் தட்டியதையும் அயல் பேசும். அந்தப் பேச்சை நீங்கள் போனபின் சுமக்கவேண்டியவர் அந்த அம்மா. பொழுதுபடுமுன் வரமுடியாது என்று தெரிந்தால் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் போய் எடுங்கள்.

காசு வேண்டாம் என்பார்கள். பட்டணத்துப் பார்க்கில் அத்தனை நாளுக்கு என்ன வருமோ அதற்குக் குறையாமல், திரும்பி வரும்போது பிள்ளைகளின் கையிலோ வயதானவரின் கையிலோ கொடுங்கள். சீனி, தேயிலை, பிஸ்கற் வாங்கிப் போவதும் வழக்கம்தான். ஆனால் அது காசுக்குப் பதில் அல்ல.

திறப்பைக் கொடுப்பதா? வளவு அகலமாக, வண்டி யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றால் தேவையில்லை. உழவு இயந்திரம் போய்வருகிற வழியிலோ நெல் காயப்போடுகிற முற்றத்திலோ நின்றால் கொடுக்கத்தான் வேண்டும். அவர்கள் முன்னாலேயே கிலோமீற்றர் மானியைப் படம் எடுக்காமல், வீட்டுக்குப் போகுமுன் சந்தியில் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பி இடம் தருகிறவரின் முகத்துக்கு முன் செய்யத் தகாத வேலை அது.

கோழி கைப்பிடியில் அடையும். எச்சம் பெயின்றைத் தின்னும். ஆடு கார்ப் பொனற்றில் ஏறி நிற்கும். பழைய சேலையோ படுக்கை விரிப்போ போட்டுக் கட்டுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். வைக்கோற்போருக்குக் கிட்ட விடவே கூடாது. தீப்பயம் ஒன்று, போருக்குள் இருக்கிற எலி வயர் கடிப்பது மற்றது. காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வயலெலி முழுவதும் வீட்டுப் பக்கம் வரும். எஞ்சினுக்குள் பூச்சி உருண்டை போடுகிறவர்கள் உண்டு. அதை நம்பியிருக்க முடியாது.

மழைக் காலத்தில் ஒரே கேள்வி: பாலத்துக்கு எந்தப் பக்கம்?

ஐப்பசி முதல் மார்கழி வரை குளங்கள் நிறைந்து வான் பாயும். வன்னியின் உள் வீதிகளில் தாழ்பாலங்கள் பல; மேவிப் பாய்ந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ ஊரே துண்டிக்கப்படும். 2018 டிசெம்பரில் ஓரிரவு மழையிலேயே இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. ஆகவே இந்த மாதங்களில் கடைசிச் சந்தி என்ற விதியைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள்: வழியிலுள்ள கடைசித் தாழ்பாலத்துக்கு முன்னால், ஏ9 பக்கத்தில் அல்லது பிரதான வீதிப் பக்கத்தில் வண்டி நிற்கட்டும். தண்ணீர் ஓரளவு வடிந்ததும் ஆள் கடந்து வரலாம், வண்டி வராது. குளக்கட்டின் அடிவாரத்திலோ வான் பாய்கிற வழியிலோ துலுசு வாய்க்கால் ஓரத்திலோ விடாதீர்கள். களிமண் தரையில் காய்ந்திருக்கும்போது விட்ட கார் ஒரு மழைக்குப் பிறகு உழவு இயந்திரம் வந்து இழுத்தால்தான் அசையும்.

கோடையில் எதிர்மாறான பயம். ஓடி வந்த சூட்டோடு வண்டியைக் காய்ந்த புல்லின்மேல் நிறுத்தினால் சைலென்சர் சூட்டில் புல் பற்றும். வெறுந்தரையில் நிறுத்துங்கள், அல்லது ஒரு யார் அகலத்துக்குப் புல்லைச் செருக்கிவிட்டு நிறுத்துங்கள்.

பூட்டுமுன்

காருக்குள் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இருக்கக்கூடாது, ஒரு வெறும் பை கூட. முன்பக்கப் பெட்டியைத் திறந்தே விடுங்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியிலிருந்தே தெரியட்டும். சமையல் கேஸ் கலன், லைற்றர், பவர் பாங்க் ஆகியவற்றை மூடிய காருக்குள் வன்னி வெயிலில் விடுவது ஆபத்து. ஹைபிரிட் கார்க்காரர்கள் உள் விளக்கு அணைந்திருக்கிறதா, கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டாம் முறை பாருங்கள். அவற்றின் 12 வோல்ற் பற்றரி சிறியது, சீக்கிரம் இறங்கும்.

மோட்டார் சைக்கிளில் பெற்றோல் ரப்பை மூடுங்கள். தாங்கியை நிரப்பி விடவேண்டாம். குழாய் போட்டு உறிஞ்சுவது இங்கே அதிகம் நடக்கிற சில்லறைக் களவு. அடுத்த பெற்றோல் செற்றுக்குப் போய்ச் சேர எவ்வளவு தேவையோ அதன் இரண்டு மடங்கு இருந்தால் போதும். சைலென்சர் வாய்க்குள் குளவி கூடு கட்டும். ஒரு துணியை அடைத்து, மறக்காமல் இருக்க அதே துணியின் ஒரு கிழிசலைத் திறப்பில் கட்டுங்கள். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் கொழுவிவிட்டுப் போகாமல் வீட்டுக்குள் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் முதலில் ரோர்ச் அடித்துச் சில்லுகளுக்கு இடையிலும் சீற்றுக்கு அடியிலும் பொனற்றுக்குள்ளும் பாருங்கள். சூடு, நிழல், எலி மூன்றும் உள்ள இடத்துக்குப் புடையன் பாம்பு வரும். ஒரு தடியால் தட்டிவிட்டுக் கைவையுங்கள். பிறகு சைலென்சர் துணி, பிரேக், சில்லுக் காற்று. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ். நம்பர்களைக் கடதாசியிலும் எழுதி வைத்திருங்கள், மூன்றாம் நாள் போனில் சார்ஜ் இராது.

பட்டணத்துப் பார்க்கில் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டு வளவில் விட்டவர்கள் அப்படிப் போகக்கூடாது. வண்டியை எடுத்தோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், புறப்படுமுன் நீங்கள் தகவல் கொடுத்த பொலிசுக்கும் போன் எடுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால் அந்த ஊர்ப் பெடியள் ரோர்ச்சை எடுத்துக்கொண்டு தேடி இறங்குவார்கள், யானை நிற்கிற காட்டுக்குள், இருட்டில்.